ஐந்தாவது ரீலில் விழுந்தவர்

சீனப் படத்தின் ஐந்தாவது ரீலில் வெட்டுப்பட்டுச் சாகிற தளபதி, வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் திரைக்கு அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய உடல் எங்கள் ஊர் செண்பகா டாக்கீஸில், பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சுக்கு முன்னால் கிடந்தது. அவரை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்பது பேரரசரின் உத்தரவு.

நான் அந்தத் தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவள். ஆட்டம் முடிந்ததும் உள்ளே கூட்டுவதும் நான்தான். பெயர் உலகம்மாள். கவுண்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு சுவர், ஒரு முக்காலி, ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை. பத்தொன்பது வருஷமாக ஊர்ப் பெண்களின் கைகளைத்தான் பார்த்துவருகிறேன். முகத்தைக் காட்டினால் இன்னார் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாகும். கையைக் காட்டினால் உடனே சொல்லிவிடுவேன். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

படத்தின் கதை ஒன்றும் கடினமில்லை. எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ ஜனங்கள் உட்கார்ந்து அழுவதற்கென்றே எழுதிவைத்த பழைய நாடகம் ஒன்றைச் சீனாக்காரர்கள் எடுத்து, பட்டு உடுத்தி, கையில் வாள் கொடுத்து, அரண்மனைக் கூரை மேல் ஓடவிட்டிருந்தார்கள். பிறகு அதை யாரோ தமிழில் பேசவைத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பேரரசரை எதிர்த்த தளபதி ஷென் போ கொல்லப்படுகிறார். எதிர்த்தவனுக்கு மண் கிடையாது, அழுகை கிடையாது, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று பேரரசர் அறிவிக்கிறார். தளபதியின் தங்கை ஷென் யுவே அதைக் கேட்காமல் அண்ணன் மேல் மூன்று பிடி மண் போடுகிறாள். அவளை உயிரோடு ஒரு குகைக்குள் தள்ளிச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். அதோடு வணக்கம் போட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

தளபதி வெளியே விழுந்ததற்காகப் படம் நிற்கவில்லை. பேரரசர் திரையின் ஓரத்துக்கு வந்து, குனிந்து கீழே பார்த்து, உத்தரவை வாசித்தார். அவருக்கு வாய் முதலில் அசைந்தது, சொல் சற்றுப் பின்னால் வந்தது. தமிழ் பேசக் கிடைத்த ஆள் குறைவு போலிருக்கிறது. பேரரசருக்கும் காவல் தலைவனுக்கும் குதிரை பிடிப்பவனுக்கும் ஒரே குரல்தான். முதல் பெஞ்சுப் பெண்கள் தளபதிக்கு இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

அடுத்த காட்சியில் யுவே திரைக்கு முன்னால் இருக்கும் மரப்படி வழியாக இறங்கி வந்தாள். மண் தேடினாள். எங்கள் தியேட்டருக்குச் சிமெண்டுத் தரை. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, தீப்பிடித்தால் அணைப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு வாளியிலிருந்து மூன்று பிடி மணல் அள்ளி அண்ணன் மேல் போட்டாள். உடனே காவலர்கள் இறங்கி வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படம் முடிந்ததும் மேனேஜர் கோமதிநாயகம் என்னிடம் வந்து, மணலைக் கூட்டி வாளியில் போட்டுவிடும்படி சொன்னார். அதுவும் உத்தரவில் இருந்ததாம். நான் கூட்டினேன். மத்தியான ஆட்டத்தில் அவள் மறுபடியும் மூன்று பிடி போட்டாள். நான் மறுபடியும் கூட்டினேன். ஒரு நாளைக்கு நாலு ஆட்டம்.

செண்பகா டாக்கீஸின் வாசல் தேரடித் தெருவில் இருக்கிறது. தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, கோயில் நடையும் திறக்கக் கூடாது. இது எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் பொது. செத்தவர் பணக்காரரா, பிச்சைக்காரரா, சீனாக்காரரா என்று பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தி வெளியே போனதும் தேரடித் தெருவில் அறுபத்திரண்டு அடுப்புகளிலும் தண்ணீர் தெளித்தார்கள். பாதி வெந்த சோறு பாதி வெந்தபடியே இருந்தது. பூசாரி கோயிலைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தெரு அவலையும் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தின்றது. கைக்குழந்தைக்காரர்கள் பாலை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சிவந்தார்கள். அடுப்பு இல்லாததால் பெண்களுக்கு வேலையும் இல்லை. வேலை இல்லாததால் எல்லோரும் படத்துக்கு வந்தார்கள். நாலு ஆட்டமும் ஹவுஸ்ஃபுல். அந்த நாட்களில் ஓட்டைக்குள் வந்த கைகளில் மஞ்சள் இல்லை, கரி இல்லை, வெங்காய வாசனை இல்லை. யார் யார் என்று கண்டுபிடிக்க நானே சிரமப்பட்டேன்.

கோமதிநாயகம் நகராட்சிக்கு மனுக் கொடுத்தார். பேரரசரின் உத்தரவு நமது ஊர் எல்லைக்குள் செல்லுமா என்று கேட்டிருந்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. உத்தரவில் முத்திரை சரியான இடத்தில் இருக்கிறது, இரண்டு பிரதிகள் ஒழுங்காகக் கிடைத்திருக்கின்றன, ஆகவே உத்தரவு செல்லும் என்று எழுதியிருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, நாற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்றம் உண்மையிலேயே இல்லை. புது பிலிம் சுருளைப் பிரித்தால் வருமே, அந்த வாசனைதான். ஆனால் ஈ வந்தது. இடைவேளைகளில் நான் விசிறியால் ஓட்டினேன். ஈ ஓட்டக் கூடாது என்று உத்தரவில் இல்லை.

ஐந்தாம் நாள் தெருக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் ஆவுடையப்ப அண்ணாச்சி. கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். தேரோட்டத்துக்கு எட்டே நாள் இருந்தது, பிணம் கிடக்கிற தெருவில் தேர் நகராது. அவர் நன்றாக யோசித்து ஒரு வழி சொன்னார். பிணம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைத் தியேட்டரின் வாசல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே தேரடித் தெரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பின்பக்கம் சந்தைத் தெருவைப் பார்த்து ஒரு வாசல் உடைத்துவிட்டால் சாவு அந்தத் தெருவுக்குப் போய்விடும். உடனே கொத்தனார் வந்தார். சாயங்காலத்துக்குள் முன்வாசல் போய்ப் பின்வாசல் வந்துவிட்டது. சந்தைத் தெருவில் அடுப்புகள் அணைந்தன. மறுநாள் விடியற்காலையில் சந்தைத் தெருக்காரர்கள் கொத்தனாரோடு வந்து பழையபடி மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் இவர்கள். ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே இன்று எந்தப் பக்கம் வாசல் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் அண்ணாச்சி பேசியபோது நான் மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சியின் வாய் முதலில் அசைந்தது. "பொணம் தெருவுக்குள்ள இல்லைன்னா தெருவுல சாவு இல்ல" என்ற சொல் சற்றுப் பின்னால் வந்தது. குரலும் பேரரசருக்குக் கொடுத்திருந்த அந்தக் குரலாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். இசக்கிமுத்து. கமிட்டிக் கிணற்று வழக்கில் எல்லோரும் ஒரு மாதிரி சொன்னபோது இவன் மட்டும் கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னான். கமிட்டி அவனைத் தெருவைவிட்டு விலக்கிவைத்தது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலைக்குப் போனான், ஆறு வருஷம் கழித்துக் காய்ச்சலில் செத்துப்போனான். உடலை வேனில் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் ஆவுடையப்ப அண்ணாச்சி வேனை நிறுத்தினார். விலக்கினவன் விலக்கினவன்தான், செத்தாலும் உள்ளே வரக் கூடாது என்றார். ஒரு மணி நேரம் வேன் அங்கேயே நின்றது. பிணத்தின் பின்னால் பெண்கள் தெருமுனையைத் தாண்டிப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் முனையில் நின்று பார்த்தேன். வேனின் பின்கதவு இடுக்கில் அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பிறகு வேன் திரும்பிப் போய்விட்டது. எங்கே புதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் அண்ணாச்சி அதைச் சொன்னார். பிணம் தெருவுக்குள் வரவில்லை, ஆகவே தெருவில் சாவு இல்லை, எல்லோரும் போய் அடுப்பைப் பற்றவையுங்கள் என்றார். எல்லோரும் போனார்கள். நானும் போய்ப் பற்றவைத்தேன். பருப்புக் குழம்பு வைத்தேன். சாப்பிடவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

ஒன்பதாம் நாள் மத்தியான ஆட்டத்தின் இடைவேளையில் நான் முதல் பெஞ்சுக்கு அடியில் முறுக்குக் காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இடைவேளைகளில் யுவே திரும்பவும் இறங்கி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். காவலர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கும் இடைவேளைதான், வெளியே போய்க் கலர் குடித்துவிட்டு வருவார்கள். அவள் வாய் அசைந்தது. நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"நான் போடும் மண்ணில் ஒரு மணி கூட மிஞ்சாமல் கூட்டிவிடுகிறாய். உன்னைப் போலச் சுத்தமாகக் கூட்டுபவளை எங்கள் அரண்மனையிலும் நான் கண்டதில்லை" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினாள். அதுதான் என்னைச் சுட்டது. எனக்கு மேனேஜர் மேல் கோபம் வந்தது, அண்ணாச்சி மேல் வந்தது, கடைசியில் என் கை மேல் வந்தது. ஒன்பது நாள், முப்பத்து நாலு ஆட்டம். அவள் போட்டது அத்தனையும் அவள் அண்ணன் மேலேயே இருந்திருந்தால் இந்நேரம் நெஞ்சுவரை மூடியிருக்கும். மூடவிடாமல் செய்தது பேரரசர் அல்ல. அவர் வாயால் சொன்னதோடு சரி. கூட்டியவள் நான்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

அன்று மாலை கவுண்டரில் முதலில் வந்தது குருவம்மா மதினியின் கை. பக்கத்து வீட்டுக்காரி, சுண்டுவிரலில் பழைய சூட்டுத் தழும்பு உண்டு. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். நாளைக் காலை ஆட்டத்துக்கு வரும்போது ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னேன். எந்த மண் என்று மதினி கேட்டாள். வீட்டு மண் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு கையிடமும் அதையே சொன்னேன். சில கைகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டன. பல கைகள் என் விரலை அழுத்திவிட்டுப் போயின.

பத்தாம் நாள் காலையில் வாசல் தேரடித் தெருப் பக்கம் இருந்தது. கவுண்டரைத் திறந்து உட்கார்ந்தேன். ஓட்டைக்குள் முதல் கை காசோடு வந்தது. அது வெளியே போனதும் அவளுடைய மற்றக் கை மூடியபடி வந்து, எனக்குக் காட்டுவதற்காக ஒரு தடவை திறந்து மூடியது. கருப்பு மண். அடுத்த கையில் செம்மண். அதற்கடுத்ததில் துளசிமாடத்து மண், வேர் கூட ஒட்டியிருந்தது. ஒரு கையில் அடுப்படிச் சாம்பலும் மண்ணும் கலந்து இருந்தது. தேரடித் தெருக் கைகளும் சந்தைத் தெருக் கைகளும் மாறி மாறி வந்தன. கடைசி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நானும் கவுண்டரைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்தது அன்றுதான்.

ஐந்தாவது ரீலில் பேரரசர் ஓரத்துக்கு வந்து குனிந்தார். தளபதியின் நெஞ்சில் முந்தைய நாளின் ஒன்பது பிடி மணல் அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது.

"யார் கூட்டவில்லை?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நாந்தான். இனி கூட்டமாட்டேன்."

"என் ஆணை உன் காதில் விழவில்லையா?"

"விழாம என்ன. ஒரு நாளைக்கு நாலு தடவ விழுந்துச்சு. எனக்கு மனப்பாடமாத் தெரியும்."

"எதிர்த்தவனுக்கு மண் இல்லை."

"மண்ணு உங்ககிட்ட இல்லைன்னா போகுது. எங்ககிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் வீட்டு வாசல் மண்ணைத் தளபதியின் மேல் போட்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஆவுடையப்ப அண்ணாச்சி எழுந்தார். பொம்பளைகள் பிணத்துக்கு மண் போடுவது எந்த ஊர் வழக்கம், உட்கார் என்றார். சொல் வாய்க்குப் பின்னால் வந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரிடம் சொல்ல என்னிடம் பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை இருந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னீகன்னு தெருமுனையிலயே நின்னேன் அண்ணாச்சி. இன்னைக்கு நிக்க மாட்டேன்."

குருவம்மா மதினி எழுந்து தன் பிடியைப் போட்டாள். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. கல்யாணப் பந்திக்கு வருவது போல வரிசையாக வந்தார்கள். போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். யுவே படியிறங்கி வந்தவள் வாளி பக்கம் போகாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பேரரசர் மேலும் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் காட்சியில் அவருக்கு மூன்று வசனம்தான். மூன்றும் தீர்ந்துவிட்டதால் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு இளவரசியைப் பெண் பார்க்கும் காட்சி வந்துவிட்டது, அவர் போக வேண்டியதாயிற்று.

இடைவேளைக்குள் தளபதி முழுக்க மூடப்பட்டார். முதல் பெஞ்சுக்கு முன்னால் இடுப்புயர மேடு ஒன்று நின்றது. கருப்பும் சிவப்புமாக, ஓர் ஓரத்தில் துளசி வேர் நீட்டிக்கொண்டிருந்தது. யுவே அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவள் அழுகைக்குச் சத்தம் பின்னால் வரவில்லை, கூடவே வந்தது. வெளியே இரண்டு தெருவிலும் புகை எழும்பியது. இரண்டு தெருவின் தாளிக்கிற வாசனையும் சேர்ந்து தியேட்டருக்குள் வந்தது.

கடைசி ரீலில் காவல் தலைவன் இறங்கி வந்து எனக்குத் தண்டனையை வாசித்தான். குகையில் ஓர் ஆளுக்குத்தான் இடம் உண்டு, முதலில் எழுந்தது நான், ஆகவே நான். உன்னை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்புவோம் என்றான்.

"பத்தொம்பது வருசமா நாலு சுவத்துக்குள்ளதான் இருக்கேன். ஒரு கை நொழையுத ஓட்டை மட்டும் வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவன் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்றான். குருவம்மா மதினி என் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் மரப்படியில் ஏறினேன். சீனக் கொத்தனார் ரசமட்டம் பிடிக்காமலேயே சுவர் வைத்தார். மூன்றாவது வரிசையிலேயே கோணிக்கொண்டு போனது. இரண்டு தடவை பிரித்துக் கட்டச் சொன்னேன். நல்ல மனுஷர், கட்டினார். கடைசிக் கல்லை வைக்கும்போது ஓட்டை வழியாக நான் கையை நீட்டினேன். முன் பெஞ்சுப் பெண்கள் அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

மத்தியான ஆட்டத்திலிருந்து யுவேயின் இடத்தில் நான் நடித்தேன். அண்ணனை அடக்கம் செய்தாயிற்று என்பதால் அவளுக்குப் படத்தில் வேலை இல்லை. அவள் என் முக்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாள். கை தெரிந்துவைத்துக்கொள்ள நாளாகும், ஆனால் நன்றாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பட்டு கொடுத்தார்கள், முழங்கையில் பிடித்தது, கழற்றிப்போட்டுவிட்டு என் நூல் சேலையிலேயே இருந்தேன். ஐந்தாவது ரீலில் விழ ஆள் இல்லாததால் காவலர்கள் வெறுங்காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். தேர் குறித்த நாளில் ஓடியது. வாத்தியச் சத்தம் குகைக்குள்ளும் கேட்டது.

வெள்ளிக்கிழமை படம் மாறியது. பெட்டியை மூடி, பஸ் கூரையில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். நானும் பெட்டியில் போனேன்.

அது கீற்றுக் கொட்டகை. தெருவை ஒட்டி இருந்தது. பகல் ஆட்டத்துக்காகச் சுற்றிலும் கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். பெஞ்சு கிடையாது, தரை முழுக்க மணல். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. அரண்மனை முற்றத்தில் என் இடத்தில் நின்றபடி கீற்று இடுக்கில் பார்த்தேன். தெருவில் மத்தியானச் சமையல் நடந்துகொண்டிருந்தது, வீடுகளுக்கு மேலே புகை தெரிந்தது.

ஐந்தாவது ரீலில் பேரரசரை எதிர்த்து ஒருவன் வாளோடு வந்தான். நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தான். கட்டைவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன. கட்டியபடியே குதித்துக் குதித்து, பன்னிரண்டு பேரோடு சண்டை போட்டான். நன்றாகவே போட்டான். பதின்மூன்றாவது ஆள் வெட்டியதும் திரைக்கு இந்தப் பக்கம், ஜனங்களுக்கு நடுவில் மணலில் விழுந்தான். பாதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை இப்போதுதான் பார்த்தேன். காய்ச்சலில் மெலிந்திருந்தான்.

பேரரசர் ஓரத்துக்கு வந்து குனிந்தார். அவர் வாய் அசைய ஆரம்பித்தது. சொல் வருவதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். நான் இசக்கிமுத்துவின் தலைமாட்டில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த மணலை அள்ளி மூன்று பிடி போட்டேன். கொட்டகையில் கூட்டுகிறவள் ஒருத்தி மூலையில் துடைப்பத்தோடு நின்றாள். என்னையும் அவனையும் பார்த்தாள். துடைப்பத்தைக் கம்பத்தில் சாய்த்துவைத்துவிட்டு, கருப்புத் துணியை விலக்கிக்கொண்டு தெருவுக்குள் போனாள்.

நான் நாலாவது பிடியை அள்ளியபோது கீற்று இடுக்கில் முதல் வீட்டுப் புகை நின்றது. பிறகு அடுத்த வீட்டில் நின்றது. அதற்கடுத்ததிலும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை.